லாடம் மாஸ்டரின் இடது முழங்கை

அந்த ஜிம்முக்கு ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. "கைப்படம் போட்ட ஜிம்" என்றால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். ஷட்டர் முழுக்க ஒரே ஒரு கை வரைந்திருக்கும். தோளிலிருந்து முழங்கை வரை, பின்பக்கமாகத் திருப்பி, தசை குதிரை லாடம் போல வளைந்து புடைத்திருக்கும். காலையில் ஷட்டரை ஏற்றினால் கை சுருண்டு மேலே போய்விடும். இறக்கினால் மறுபடி தெருவைப் பார்த்து வந்து நிற்கும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் உள்ளேதான் வேலை செய்கிறார். வருகிறவர்கள் அவரை நேரில் மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் லாடம் மாஸ்டர் என்பார்கள். காதில் விழுந்தாலும் அவருக்குக் கோபம் வராது. அவருக்குக் கோபம் என்று ஒன்று வரும் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: "சரி மாமா."

மாமா என்பவர் அக்காவின் கணவர், ஜிம்மின் முதலாளி. அப்பா போன பிறகு அக்காவின் பெட்டியோடு பெட்டியாக, ஜிம்முக்கு மேலே இருக்கும் மாமாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை. பையன் ஒல்லியாக, கூச்சமாக, எந்த மூலையில் நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். மாமாதான் அவனைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய், "இதைப் பிடி மச்சான்" என்று ஒரு இரும்புப் பாரைக் கையில் கொடுத்தார். மற்ற உடம்பெல்லாம் சுமாராகத்தான் தேறியது. கையின் பின்பக்கம் மட்டும் எங்கிருந்தோ வந்த வரம் போல வளர்ந்தது. மாமா ஒரு நாள் படம் எடுத்தார். ஓவியரைக் கூப்பிட்டு ஷட்டரில் வரையச் சொன்னார். அன்றைக்கே மாஸ்டரின் தலையெழுத்தும் அங்கேயே வரையப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவர் இளைக்க முடியாது. காய்ச்சலில் படுக்க முடியாது. புதிதாகச் சேர வருகிறவன் முதலில் ஷட்டரைப் பார்ப்பான், அப்புறம் உள்ளே வந்து மாஸ்டரின் சட்டைக் கையைப் பார்ப்பான். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மாமாவின் முகம் சுருங்கும். மாமாவின் முகம் சுருங்கினால் மேலே அக்காவின் முகம் சுருங்கும் என்று மாஸ்டர் தன் மனதில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கை அவர் யாரிடமும் காட்டிச் சரிபார்த்ததில்லை.

கை இப்போது கெட்டுப்போயிருந்தது. அதுதான் விஷயம்.

பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நெற்றிவரை இறக்கி, முழங்கையை மட்டும் நீட்டித் தூக்குகிற ஒரு பயிற்சி இருக்கிறது. ஜிம்காரர்கள் வேடிக்கையாக அதை மண்டை உடைப்பான் என்பார்கள். மாஸ்டரின் லாடத்தைச் செய்ததும் அதுதான், முழங்கையைத் தின்றதும் அதுதான். நெளிவாக வளைத்த பார் ஒன்று தனியாக இருக்கிறது. அதைப் பிடித்தால் மணிக்கட்டு கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்துகொள்ளும், முழங்கை தப்பிக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் மாஸ்டர் அதைத்தான் கொடுப்பார். அவர் மட்டும் நேர்ப் பாரில் செய்தார். நேர்ப் பார்தான் பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று மாமா சொன்னதால். "சரி மாமா."

இடது முழங்கையில் முதலில் ஒரு குத்தல். அப்புறம் காலையில் கையை மடக்கினால் கதவுக்கீல் போல ஒரு முனகல். அப்புறம் தலைக்குக் குளிக்கும்போது வலது கை மட்டும்தான் உச்சிக்குப் போனது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, பரண்ல இருக்கிற பெட்டியை எடுக்கச் சொன்னா நாற்காலியைப் போட்டுக்கிட்டு ஏறுறீங்க. முன்னெல்லாம் நின்ன இடத்துலேருந்தே எடுப்பீங்களே?"

"சும்மாதான்."

"சும்மாவா? எங்க கடையில வலி மாத்திரை வாங்குற ஆளுங்களைத் தினம் பாக்கிறேன். எல்லாரும் இதே மூஞ்சியைத்தான் வெச்சிருப்பாங்க."

அவள்தான் அவரை ஊரின் மறுகோடியில் ஒரு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாஸ்டர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அங்கே பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்த ஒருவர், வெறும் மரக்கோலை நெஞ்சுக்கு மேலே தூக்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். மாஸ்டரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து போய், "ஐயா, முழங்கை வெளியே போகுது பாருங்க. விலாவை ஒட்டி வைங்க. இப்பத் தள்ளுங்க" என்றார். கோல் மேலே போனது. ஆஸ்பத்திரியில் ஒரு மனிதர் ஒரு மரக்கோலைத் தூக்கியதற்கு மாஸ்டரின் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் ஜிம்மில் ஒரு நாள்கூட அப்படி ஆனதில்லை.

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பிசியோ அம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு இப்படி ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?" என்று கேட்டார். பேசும்போது அவர் மாஸ்டரின் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். அது மாஸ்டருக்குப் புதிதாக இருந்தது. வேலைக்கு வேறொருவரும் காத்திருக்கிறார், ஒரு நாளைக் குறித்து, அன்று காலைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாம் சொல்லப்போவது அந்த நாளுக்கு முந்தின நாள் நடந்ததை.

அன்று காலை, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த தனி வீட்டில், மனைவி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு உங்க மாமாகிட்டச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா சாயங்காலம் நானே வந்து சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மாஸ்டர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். "மாமா, ஒரு விஷயம்." இது சரியில்லை. "மாமா, தப்பா நினைக்காதீங்க." இது அதைவிட மோசம். காலைக் கூட்டம் கலைந்த பிறகு, துண்டால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே வாயைத் திறந்தார். "மாமா, ஒரு விஷயம்."

"நானும் ஒரு விஷயம் சொல்லணும் மச்சான்" என்று மாமா முந்திக்கொண்டார். மாமா கெட்டவர் இல்லை. சந்தோஷம் வந்தால் அவருக்குக் காது மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். "ரெண்டாவது கிளை ஞாயித்துக்கிழமை திறக்குறோம். வாசல்லயே மேடை போடுறேன். நீ மேடையில பெஞ்சில படுத்து, கையைக் கிட்டக்க பிடிச்சுத் தள்ளுற குளோஸ் கிரிப் பண்றே. நல்ல வெயிட்டா போட்டுப் பண்றே. போட்டோக்காரர் கைகிட்டயே நிப்பாரு. அந்தப் படத்தைத்தான் புது ஷட்டர்ல வரையப் போறோம். எல்லாம் உன் கையை நம்பித்தான்."

மாஸ்டர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாக்கு தானாகப் புரண்டது. "சரி மாமா."

மாமா மாடிக்குச் சாப்பிடப் போனார். சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு நான்கு மணிக்கு இறங்கி வருவது அவர் வழக்கம். அதுவரை ஷட்டர் மூடியிருக்கும். கீழ்த்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. மூலையில் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு கதவு. அந்தக் கதவின் தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம்தான்.

 ஞாயிற்றுக்கிழமை மேடையில், ஊர் பார்க்க, தன் கை மடங்கிவிட்டால்? மாஸ்டர் யோசித்தார். இப்போதே ஒரு தரம் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வேலையை விடப்போகிறேன் என்று சொல்ல வந்த மனிதர், கொடுக்காமலே இருந்திருக்க வேண்டிய ஒரு வாக்கைக் காப்பாற்ற ஒத்திகை பார்க்கிறார். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு மனதுக்குள், ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வாயால், இரண்டுக்கும் சரி சொல்லி வைத்திருக்கும் ஆளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

இருபது கிலோ பார். பக்கத்துக்கு ஒரு இருபது, ஒரு பத்து. மொத்தம் எண்பது. நல்ல நாளில் அவர் விளையாட்டாகத் தூக்குகிற எடை. இரும்பு வட்டுகளான பிளேட்டுகளை மாட்டினார், இரண்டு பக்கமும் கிளிப் போட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. கிளிப் என்றால் பிளேட் வழுக்கி விழாமல் பாரின் முனையில் மாட்டுகிற கம்பிச் சுருள். ஒரு காலத்தில் ஒருவன் கிளிப் போடாமல் தூக்கி, பிளேட் சரிந்து, சுவர்க் கண்ணாடி முழுசாக உடைந்தது. அன்றைக்கு மாமா சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதி வைத்தார்: கிளிப் போடாமல் பாரைத் தொடாதே. யார் மறந்தாலும் மாஸ்டர் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவார். ஆனால் பெஞ்சில் படுத்துத் தூக்குகிறவன் தனி ஆளாக இருந்தால், தலைமாட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால், கிளிப் போடக் கூடாது. மாட்டிக்கொண்டால் பாரை ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை வழியவிட்டு வெளியே வரலாம். இதுவும் மாஸ்டருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் இதுவரை தனியாக இருந்தபோது செய்ததெல்லாம் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் செய்கிற பயிற்சிகள். பெஞ்சில் பெரிய எடை என்றால் எப்போதும் பின்னால் ஒருவர் நிற்பார். ஆகவே மூளை இரண்டாவது பாடத்தை நினைக்கும் முன் கை முதல் பாடத்தைச் செய்து முடித்துவிட்டது.

படுத்தார். பாதங்களைத் தரையில் ஊன்றினார். தோள்பட்டைகளைப் பெஞ்சுக்குள் அழுத்திச் சேர்த்தார். புதிதாக வருகிறவர்கள் குளோஸ் கிரிப் என்றதும் இரண்டு கையையும் நடுவில் ஒட்டவைத்துப் பிடிப்பார்கள். "கும்பிடு போடவா வந்தீங்க? மணிக்கட்டு போயிடும். தோள் அகலம் இருந்தா போதும்" என்பார் மாஸ்டர். தோள் அகலத்தில் பிடித்தார். கட்டைவிரலைச் சுற்றிக் கொடுத்தார். மணிக்கட்டை நேராக வைத்தார். முழங்கை இறக்கை போல விரியாமல் விலாவை உரசிக்கொண்டு இறங்க, பார் நெஞ்செலும்பின் கீழ் ஓரத்தைத் தொட்டது. எல்லாம் அச்சு அசலாக, பாடம் நடத்துவது போல. தள்ளினார். போனது. மறுபடி இறக்கித் தள்ளினார். போனது. பரவாயில்லையே என்று நினைத்தபடி மூன்றாவது முறை இறக்கினார்.

பாதி வழியில் இடது முழங்கைக்குள் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது. வலி அப்புறம்தான் வந்தது. முதலில் கை இல்லாமல் போனது. பார் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விட்டத்தில் குழல் விளக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. சரி, சாய்த்துவிடலாம் என்று நினைத்தார். கிளிப் ஞாபகம் வந்தது. வியர்த்துவிட்டது.

கிளிப் இருந்தாலும் மொத்தப் பாரையும் ஒரு பக்கமாகச் சரிக்கலாம். வலப்பக்கம் சரிக்க வேண்டுமானால் இடது கை தூக்க வேண்டும். இடது கை பெஞ்சுக்குக் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் சரிக்க வலது கை போதும். ஆனால் இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கண்ணாடி. மாமா புதிதாக மாற்றிய கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரைக்கும். அது உடைந்தால் மொத்தமும் அவர் முகத்தில்தான் கொட்டும். அந்த இக்கட்டிலும் அவர் மனதில் முதலில் வந்தது முகம் அல்ல, மாமாவின் கண்ணாடி. அதை நினைத்து அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது.

இன்னொரு வழியும் உண்டு. பாரை வயிற்றின்மேல் உருட்டி இடுப்புக்குக் கொண்டுபோய் எழுந்து உட்காருவது. வலது கையால் மட்டும் உருட்டிப் பார்த்தார். வலது பக்கம் நகர்ந்தது, இடது பக்கம் நகரவில்லை. பார் கோணிக்கொண்டு கடைசி விலாவில் குத்தி நின்றது. இருந்த மூச்சும் போயிற்று. பயந்துபோய் மெல்ல மெல்ல பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார். வலது கையால் கொஞ்சம் தாங்கினால் பாதி மூச்சு வந்தது. கை தளர்ந்தால் கால் மூச்சு.

"அக்கா" என்று கத்தினார். கத்தியதாக அவர்தான் நினைத்தார். பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது. போன், கவுண்டர் மேஜையில் கிடந்தது. சுவர்க் கடிகாரம் தலைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டது, முள்ளைப் பார்க்க முடியவில்லை. மாமா வர இன்னும் எவ்வளவு நேரம்? அதுவரை இந்த வலது கை தாங்குமா? முழங்கை வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் அவர் வாய் வலிக்கச் சொல்லுகிற ஒன்று நினைவுக்கு வந்தது. "பெஞ்ச் வேணாங்க. தரையில படுத்துப் பண்ணுங்க. முழங்கை தரையில இடிச்சதும் நின்னுடும், பார் நெஞ்சுல உக்காராது." ஊருக்கெல்லாம் தரை, தனக்கு மட்டும் பெஞ்ச். மேடையில் தரையில் படுத்தால் போட்டோ எடுபடாதே!

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். அவருக்குக் கால் ஓடியது. வலது காலுக்கு எட்டும் தூரத்தில், பெஞ்சின் கால்மாட்டில் ஒரு பிளேட் சாய்த்து வைத்திருந்தது. எட்டி உதைத்தார். அது பெஞ்சின் இரும்புக் காலில் மோதி டங்கென்றது. கூரைக்கு மேலே அக்காவின் சமையலறை. அக்காவுக்குக் கேட்கும்.

கேட்டது. மேலிருந்து உடனே பதில் வந்தது. டொக், டொக்.

அந்த டொக் டொக் மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மதியத்தில் அவர் தனியாகப் பயிற்சி செய்யும்போதெல்லாம் அக்கா தரை துடைக்கும் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். மாமா தூங்குகிறார், சத்தம் போடாதே என்று அர்த்தம். போன வருஷம்தான் அது ஆரம்பித்தது. அக்கா எப்போதும் மாமா பக்கம்தான் என்று அவர் வருத்தத்தோடு நினைத்துக்கொள்வார்.

மறுபடி உதைத்தார். டங். டொக், டொக். பலமாக உதைத்தார். டங். மேலேயும் பலமாக, டொக், டொக். கீழே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான், மேலே ஒருத்தி வாயை மூடு என்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு இன்னும் குறைந்தது. கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்தார். பார் வலப்பக்கமும் நெஞ்சில் அழுந்த ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் மரக்கோலோடு படுத்திருந்த பெரியவர் ஞாபகம் வந்தது. நாளைக்கு அவர் கோலைத் தூக்கும்போது முழங்கையை யார் பார்ப்பார்கள்?

வேறு வழி தெரியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார். டங். டங். டங்.

மேலே தட்டுவது நின்றது.

படிக்கட்டின் உச்சியில் தாழ்ப்பாள் விலகியது. செருப்புச் சத்தம். அக்கா மாவுக் கையோடு வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஜிம்முக்குள் கால் வைத்ததில்லை. பார்த்தாள். அலறவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன பண்ணணும்னு சொல்லு" என்றாள்.

"அந்த... முனையில... கம்பிச் சுருள். காதை அழுத்து. உருவு."

அழுத்தினாள். வரவில்லை. "இது என்னடா துணி மாட்டுற கிளிப் மாதிரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தி உருவினாள். வலது பக்கத்துப் பத்துக் கிலோவை இறக்கினாள். பாரின் இடது முனை தாழப் பார்த்தது. மாஸ்டர் வலது கையால் பாரின் வலது பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணாடிக்கும் பாருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, அந்தப் பக்கத்துக் கிளிப்பையும் உருவிப் பத்தை இறக்கினாள்.

"இருபதைத் தொடாதே, பார் கவிழ்ந்துடும். இப்ப என் தலைமாட்டுக்கு வா. என் இடது கை இருக்க வேண்டிய இடத்துல நீ பிடி. நான் வலது பக்கம் தள்றேன்."

"கனக்குமா?"

"உன் பக்கம் தண்ணிக் கேன் ஒன்றரை."

"அவ்வளவுதானா" என்றாள் அக்கா. பிடித்தாள்.

"மணிக்கட்டை மடக்காதே. முழங்கையை உடம்போட ஒட்டி வை. முதுகை வளைக்காம முட்டியை மடக்கு. நான் சொன்னதும் தூக்கு."

உயிர் போகிற நேரத்திலும் பாடம்! ஆனால் அக்கா சொன்னபடி செய்தாள். ஒன்று போல எழுந்தது பார். பெஞ்சின் தலைமாட்டுக் கொக்கியில் போய் உட்கார்ந்தது. மாஸ்டர் பக்கவாட்டில் உருண்டு தரையில் விழுந்து, ரப்பர் விரிப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மூச்சு என்பது இவ்வளவு நல்ல பொருள் என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இடது கையைத் தொட்டாள். அவர் துடித்துப் போனார்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றாள்.

"எப்ப?"

"போன வருஷமே. முன்னெல்லாம் நீ பாரைக் கீழ வெச்சா மேல ஒரே சத்தமா கேக்கும். அப்புறம் ரெண்டு சத்தமா கேக்க ஆரம்பிச்சுது. ஒண்ணு முதல்ல, ஒண்ணு பின்னால. ஒரு கை முந்திக்கிட்டு விட்டுடுதுன்னு தெரிஞ்சுது. எந்தக் கைன்னுதான் தெரியலை. இன்னிக்கு மூணாவதா ஒரு சத்தம். ஒத்தை டங். நீ வைக்கிற சத்தமே இல்லை. அதான் இறங்கி வந்தேன்."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப எதுக்குக்கா தட்டினே? மாமா தூங்குறாருன்னுதானே?"

"அவரா? அவர் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு. உனக்குத் தெரியாதா?" அக்கா அவரை முறைத்தாள். "போதும்டா, விடுடான்னு தட்டினேன். வருஷம் பூரா தட்டினேன். நீ என்னடான்னா கொஞ்சம் மெதுவா வெச்சுட்டு மறுபடி ஆரம்பிப்பே."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். "வாயால சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"சொன்னா நீ என்ன சொல்லுவே? 'சரி அக்கா'ம்பே. அப்புறம் அவர் வந்து சொன்னா 'சரி மாமா'ம்பே."

அது உண்மைதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னார். மரக்கோல், பெரியவர், பிசியோ அம்மா, நாளைக் காலை, எல்லாவற்றையும். நடுவில் தான் போட்டு வைத்திருந்த கணக்கையும் சொன்னார். நான் போய்விட்டால் மாமா உன்னை ஏதாவது சொல்வார், அதனால்தான் இத்தனை நாள்...

"என்னைச் சாக்கு வெச்சுக்காதே" என்றாள் அக்கா. குரலில் கோபம் இருந்தது, கண்ணில் நீரும் இருந்தது. "அவரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நீயா சமாளிச்சே? போ. அவர் வந்ததும் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். உன் வாயால நீதான் சொல்லணும்."

அவள் எழுந்து மேலே போனாள். இந்த முறை தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

மாமா வந்தபோது ஷட்டர் இன்னும் மூடித்தான் இருந்தது. மாஸ்டர் கையில் துண்டைத் தொட்டில் போலக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமா பதறிப் போனார். பொய்ப் பதற்றம் இல்லை. "என்ன மச்சான், என்ன ஆச்சு, யாரையாவது கூப்பிடக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே வலது பக்கம் உருண்டு கிடந்த கிளிப்பை எடுத்துப் பத்திரமாகப் பாரில் மாட்டினார். அப்புறம் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார்.

"மாமா, நான் வேலையை விடுறேன்" என்றார் மாஸ்டர். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த எந்த முன்னுரையும் இல்லாமல் அது வெளியே வந்தது. "ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. நாளைக்கு வர்றேன்னு சொல்லப் போறேன்."

மாமா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஷட்டரின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்கத்தில் படம் இல்லை, வெறும் தகடு.

"உன்னை நான் என் தம்பி மாதிரித்தான் வெச்சிருந்தேன்" என்றார்.

"தெரியும் மாமா."

"சரி, போ. நான் தடுக்கலை. கை முடியாதப்ப நான் என்ன சொல்ல முடியும்?" மாமா எழுந்தார். அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து மாஸ்டரின் வலது தோளில் கையை வைத்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் மச்சான். ஒரே ஒரு தரம். பாரம்கூட வேணாம், பிளாஸ்டிக் பிளேட் மாட்டிக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது. வலி தெரியாம ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்து படுத்தா போதும். ஒரு படம். அவ்வளவுதான். எனக்காக."

மாஸ்டர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா இறந்த வருஷத்தில் பாரைக் கையில் கொடுத்த அதே முகம். நெஞ்சில் பாரம் மறுபடி வந்து உட்காருவது தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"சரி..."

கூரைக்கு மேலே, டொக், டொக்.

மாமா அண்ணாந்து பார்த்தார். "இவ எதுக்குத் தட்டுறா?" என்றார், உண்மையாகவே புரியாமல். "நான்தான் முழிச்சிருக்கேனே!"

"உங்களுக்காக இல்லை மாமா, எனக்குத்தான்" என்றார் மாஸ்டர். துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு எழுந்தார். "என்னால முடியாது மாமா. ஞாயித்துக்கிழமையும் முடியாது."